பெரும்புள்ளி விழுந்தால்: வலையமைப்புகள் தாங்குவதும் உடைவதும்

மார்கழிக் காலை. வாசலை அடைத்துப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்துப் பெரிய கோலம் போட்டிருக்கிறார்கள். பால்காரரின் சைக்கிள் அதன் மேல் ஏறிப் போகிறது. நான்கைந்து புள்ளிகள் அழிந்துவிட்டன, சில கோடுகள் கலைந்துவிட்டன. ஆனாலும் தள்ளி நின்று பார்த்தால் கோலம் கோலமாகத்தான் இருக்கிறது. எத்தனை சைக்கிள் ஏறினால் அது கோலமாக இல்லாமல் போகும்?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். இணையம், மின்கட்டமைப்பு, விமானப் பாதைகள், நம் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் என்று எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இவை எல்லாமே புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும்தான். விமான நிலையம் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளம்பும் விமானத் தடம் ஒரு கோடு. துணைமின்நிலையம் ஒரு புள்ளி, மின்கம்பித் தடம் ஒரு கோடு. கலைச்சொல்லாகக் ‘கணு’, ‘இணைப்பு’ என்று எழுதுவார்கள். எனக்குப் புள்ளியே வசதி. ஏன் என்பது சற்றுப் பின்னால் தெரியும்.

‘தாங்குகிறது’ என்றால் என்ன அர்த்தம் என்று முதலில் பேசிக்கொள்வோம். ஒரு தாளில் பத்துப் புள்ளிகளை வட்டமாக வைத்து, பக்கத்தில் இருப்பதோடு மட்டும் கோடு போடுங்கள். ஏதாவது ஒரு புள்ளியை அழித்தால் மிச்சம் ஒன்பதும் ஒரே சரமாக நிற்கும். எங்கிருந்தும் எங்கும் போகலாம், கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு புள்ளியையும் வேறோர் இடத்தில் அழித்தால் சரம் இரண்டு துண்டாகிவிடும். இப்போது வேறு ஒரு படம். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒன்பது, ஒன்பதும் நடுப்புள்ளியோடு மட்டும் சேர்ந்தவை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழித்தால், பத்தில் ஒன்பது தடவை ஓரத்துப் புள்ளிதான் போகும். மற்றவற்றுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பத்தாவது தடவை நடுப்புள்ளி போகும். அப்போது ஒன்பதும் அநாதை.

இந்தச் சின்னப் படத்திலேயே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. புள்ளிகளின் பெருங்கூட்டம் ஒரே துண்டாக நிற்கிறதா என்பது ஒன்று. துண்டாகாமல் நின்றாலும், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை கோடு தாண்ட வேண்டியிருக்கிறது என்பது மற்றது. இரண்டாவதையும் லேசாக நினைக்கக் கூடாது. நான்கு தாவலில் போன செய்தி நாற்பது தாவலில் போனால், படத்தில் வலை முழுசாக இருக்கும், நடைமுறையில் செத்துக் கிடக்கும்.

சேதத்திலும் இரண்டு வகை. ஒன்று தற்செயல்: மின்விசிறி நின்று ரௌட்டர் சூடாவது, எலி கடித்த வயர், மழைக்குச் சாய்ந்த கம்பம். யார் மேல் விழும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. இன்னொன்று குறிவைத்த தாக்குதல். தாக்குபவர் கையில் வரைபடம் இருக்கிறது, எதை அடித்தால் அதிகம் வலிக்கும் என்று தெரிந்தே அடிக்கிறார். ஒரு வலை இரண்டையும் ஒரே மாதிரி தாங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தோன்றியது தப்பு என்பது 2000ஆம் ஆண்டில் தெரிந்தது.

அதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் வேலை செய்த பால் பாரன் என்ற பொறியாளர் தாக்குதலைப் பற்றி மட்டும் யோசித்தார். சோவியத் ஏவுகணைகள் விழுந்த பிறகும் தகவல் தொடர்பு மிஞ்ச வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. நடுவில் ஒரே நிலையம் வைத்த அமைப்பு, சில நடுநிலையங்கள் வைத்த அமைப்பு, மீன்வலை போல எல்லா முடிச்சும் சமமான அமைப்பு என்று மூன்று படங்கள் வரைந்தார். மூன்றாவதில், ஒவ்வொரு நிலையமும் அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு நிலையங்களோடு சேர்ந்திருந்தாலே போதும், பலத்த அடியையும் தாங்கும் என்று 1964இல் வெளியான அவருடைய அறிக்கைகள் காட்டின. (இணையமே அணுகுண்டைத் தாங்கக் கட்டப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு மூலம் இதுதான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டைக் கட்டியது, விலை உயர்ந்த கணினிகளைப் பல இடங்களிலிருந்து பகிர்ந்து பயன்படுத்த.)

பாரனின் மீன்வலையில் எல்லா முடிச்சும் சமம். கோலத்திலும் அப்படித்தான். ஆனால் யாரும் உட்கார்ந்து திட்டமிடாமல், தானாக வளர்ந்த வலைகளில் சமத்துவம் கிடையாது. புதிதாக ஒரு ஊரில் விமான நிலையம் திறந்தால், அங்கிருந்து முதல் விமானம் எங்கே போகும்? பெரிய நகரத்துக்கு. புதிதாக வலைத்தளம் தொடங்குகிறவர் யாருக்கு லிங்க் கொடுப்பார்? எல்லோருக்கும் தெரிந்த தளத்துக்கு. கூட்டம் இருக்கிற கடைக்கே கூட்டம் சேரும். ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி, ரேக்கா ஆல்பர்ட் இருவரும் 1999இல் இந்த வழக்கத்தை ஒரு கணித மாதிரியாக்கினார்கள். அப்படி வளரும் வலையில் மிகப் பெரும்பாலான புள்ளிகளுக்கு ஒன்றிரண்டு கோடுகள்தான் இருக்கும். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு மட்டும் நூறு, ஆயிரம் என்று இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஹப்’ என்கிற இவற்றுக்குத் தமிழில் ரெடியாகவே சொல் இருக்கிறது: பெரும்புள்ளி.

சரி, 2000ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட், ஹவூங் ஜியோங், பராபாசி மூவரும் கணினியில் இரண்டு வலைகளைச் செய்தார்கள். இரண்டிலும் 10,000 புள்ளிகள், 20,000 கோடுகள். முதலாவதில் கோடுகளை மனம்போனபடி போட்டார்கள், அதனால் எல்லாப் புள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கோடுகள். இரண்டாவது பெரும்புள்ளிகள் உள்ள வலை. பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

தற்செயலாகப் பிடுங்கியபோது சமமான வலையில் தூரம், அதாவது தாண்ட வேண்டிய கோடுகளின் எண்ணிக்கை, படிப்படியாகக் கூடிக்கொண்டே போனது. பெரும்புள்ளி வலை அசையவில்லை. நூற்றுக்கு ஐந்து புள்ளிகள் போன பிறகும் சராசரித் தூரம் அப்படியே இருந்தது. அடுத்து, அதிகக் கோடுகள் உள்ள புள்ளியாகப் பார்த்துப் பிடுங்கினார்கள். சமமான வலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே குறிவைக்க யாரும் இல்லையே. பெரும்புள்ளி வலையிலோ அதே ஐந்து சதவீதத்தில் சராசரித் தூரம் இரண்டு மடங்கானது. அன்றைய இணையத்தின் வரைபடத்தை வைத்தும் செய்து பார்த்தார்கள். 2.5 சதவீதப் புள்ளிகளைத் தற்செயலாக எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. அதே 2.5 சதவீதத்தை மேலிருந்து எடுத்தால் தூரம் மூன்று மடங்குக்கும் மேல்.

நேச்சர் இதழ் இதை அட்டையில் போட்டு, கிரேக்க வீரன் அகிலீசின் குதிகாலோடு ஒப்பிட்டது. நமக்குத் துரியோதனனின் தொடை இருக்கிறது. காந்தாரியின் பார்வை பட்டு உடம்பெல்லாம் வைரமான பிறகு, மறைத்திருந்த தொடை மட்டும் மிச்சம் என்று சொல்லும் அந்தக் கதை இங்கே இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். பீமன் எத்தனை அடி அடித்தும் துரியோதனன் நின்றுகொண்டுதான் இருந்தான். அவன் விழுந்தது, எங்கே அடிக்க வேண்டும் என்று கிருஷ்ணன் சைகை காட்டிய பிறகு. குறிவைத்த தாக்குதலுக்குப் பலத்தைவிடத் தகவல்தான் முக்கியம்.

ஏன் இப்படி ஆகிறது?

பாதிக் காரணம் வெறும் எண்ணிக்கை. ஒரு வலையில் 1,000 புள்ளிகள், அதில் 10 பெரும்புள்ளிகள் என்று வையுங்கள். தற்செயலாக 50 புள்ளிகள் பழுதாகின்றன. அந்த ஐம்பதில் ஒரு பெரும்புள்ளிகூட இல்லாமல் இருக்க வாய்ப்பு 60 சதவீதம். பத்தும் அதில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 25 லட்சம் கோடியில் ஒன்று. விபத்துக்குக் கண் இல்லை, எண்ணிக்கையில் அதிகம் இருக்கிற குட்டிப் புள்ளிகள் மேல்தான் அது விழும். கண் உள்ளவருக்கு ஐம்பது எதற்கு, பத்தே போதும்.

மீதிக் காரணம் கொஞ்சம் நுட்பமானது, ஆனால் அழகானது. ஒரு வலை எப்போது துண்டு துண்டாகும்? காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொடியை லேசாக அமுக்கினால் டிகாக்‌ஷன் இறங்கும். இன்னும் அமுக்கினால் மெதுவாக இறங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அமுக்கிவிட்டால் மேலே வெந்நீர் குளம் கட்டி நிற்கும், கீழே சொட்டுகூட வராது. வழி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைபடுகிறது, ஆனால் மேலிருந்து கீழ்வரை போகும் கடைசி வழி அறுபடுவது ஒரே கணத்தில். இயற்பியலில் இந்தப் படிப்புக்கே ‘பெர்கோலேஷன்’ என்று பெயர், 1957இலிருந்து இருக்கிறது.

வலையில் அந்தக் கட்டம் எது என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்து நடந்து ஒரு புள்ளிக்கு வந்து சேருங்கள். வந்த வழியை விட்டுவிட்டு, சராசரியாக ஒரு வழியாவது அங்கிருந்து வெளியே போக வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நடை பரவிக்கொண்டே போகும், வலை ஒரு பெருந்துண்டாக நிற்கும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. கோடுகளை மனம்போனபடி போட்டு, புள்ளிக்குச் சராசரி நான்கு கோடு என்று வைத்தால், 75 சதவீதப் புள்ளிகள் தற்செயலாக உதிரும்போது அந்த எல்லை வருகிறது.

பெரும்புள்ளி வலையில் இந்த நடைக்கு ஒரு விசேஷம் உண்டு. கோட்டைப் பிடித்து நடந்தால் பெரும்பாலும் பெரும்புள்ளியிடம்தான் போய் நிற்பீர்கள். அதனிடம்தானே அத்தனை கோடுகளும் முடிகின்றன! ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இல் சொன்ன பிரபலமான புதிரும் இதுதான்: சராசரி ஆளைவிட, அவருடைய நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். ஊரில் நூறு பேர், அதில் டீக்கடைக்காரரை எல்லோருக்கும் தெரியும் என்றால், தொண்ணூற்றொன்பது பேரின் நண்பர் பட்டியலிலும் அவர் இருப்பார். உங்களுக்கு மட்டும் நண்பர்கள் குறைவு என்று தோன்றினால் கவலை வேண்டாம், அது கணக்கின் குற்றம்.

ஆக, புள்ளிகள் தாறுமாறாக உதிர்ந்தாலும் மிஞ்சிய கோடுகள் பெரும்புள்ளிகளிடமே கொண்டுபோய் விடுகின்றன, அங்கிருந்து எப்போதும் வெளியே வழி இருக்கிறது. இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூவன் கோஹன், ஷ்லோமோ ஹாவ்லின் குழு இதே 2000ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டியது. இணையம் போன்ற வலையில் 99 சதவீதத்துக்கும் மேலான புள்ளிகள் தற்செயலாகப் போனாலும் மிச்சத்தில் ஒரு பெரிய துண்டு சேர்ந்தே நிற்கும். அடுத்த ஆண்டே இன்னொரு கட்டுரை எழுதினார்கள்: குறிவைத்து எடுத்தால் அதே வலை சின்னச் சதவீதத்திலேயே சிதறும். தாங்க வைப்பதும் பெரும்புள்ளிகள்தான், சிதற வைப்பதும் அவைதான்.

உயிருள்ள செல்லிலும் இந்தச் சாயல் தெரிகிறது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டில் எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்ற வரைபடத்தை ஜியோங், பராபாசி குழு 2001இல் அலசியது. ஐந்தோ அதற்குக் குறைவாகவோ இணைப்பு உள்ள புரதங்கள் 93 சதவீதம். அவற்றில் ஒன்றை நீக்கினால் ஈஸ்ட் சாவது ஐந்தில் ஒரு பங்கு தடவைதான். பதினைந்துக்கும் மேல் இணைப்பு உள்ள புரதங்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அவற்றில் ஒன்றை நீக்கினால் சாவதோ 62 சதவீதம்.

இணையத்தில் குறிவைத்த அடிக்கு நல்ல உதாரணம், ஒரே தேதியில் நடந்த இரண்டு சம்பவங்கள். தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் அமைப்பு ஒன்று உண்டு, டிஎன்எஸ் என்பார்கள், இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. அதன் உச்சியில் பதின்மூன்று வேர் முகவரிகள். 2002 அக்டோபர் 21 அன்று பதின்மூன்றையும் குறிவைத்துப் பொய்யான கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பினார்கள். தாக்குதல் சுமார் ஒரு மணி நேரம் நடந்தது. சாதாரணப் பயனாளர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. காரணம், கேட்ட முகவரியைக் கீழ்மட்டச் சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் உச்சிக்கு ஓடாது. பிறகு அந்தப் பதின்மூன்று முகவரிகளுக்கும் உலகெங்கும் நகல்களை வைத்தார்கள். இன்று முகவரி பதின்மூன்றுதான், பின்னால் நிற்கும் இயந்திரத் தளங்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்புள்ளியை ஒழிக்க முடியாதென்றால் அதற்கு இரட்டையர்களை, நூற்றுக்கணக்கில் இரட்டையர்களை உண்டாக்குவது!

சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபர் 21. இந்தத் தடவை அடிபட்டது டைன் என்ற தனியார் டிஎன்எஸ் நிறுவனம். மிராய் என்ற நச்சுநிரல் பிடித்திருந்த வீட்டுக் கேமராக்களும் ரௌட்டர்களும் சேர்ந்து அதை மூழ்கடித்தன. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, ரெடிட் எல்லாம் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கள் முகவரிப் புத்தகத்தை ஒரே கடையில் கொடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தாக்குதல் என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். நோய் பரவுவதும் ஒரு வலையில்தான், அந்த வலையை நாமே உடைக்க விரும்புகிறோம். எல்லோருக்கும் போடத் தடுப்பூசி போதவில்லை என்றால் அதிகம் பேரோடு பழகுகிறவர்களுக்கு முதலில் போடலாம். ஆனால் அவர்கள் யார், வரைபடம் ஏது? கோஹன், ஹாவ்லின், பென்-அவ்ரஹாம் 2003இல் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு ஊசி போடாதீர்கள். அவருக்குத் தெரிந்த யாராவது ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லி, அந்த ஆளுக்குப் போடுங்கள். டீக்கடைக்காரர் கதைதான், கோட்டைப் பிடித்துப் போனால் பெரும்புள்ளி கிடைக்கும். வரைபடமே இல்லாமல் குறிவைக்கும் இந்த வித்தையை நான் படித்த நாளிலிருந்து ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு ‘பெரும்புள்ளியை அடித்தால் எல்லாம் முடிந்தது’ என்று கிளம்பிவிடக் கூடாது. நோட்டர்டேம் கட்டுரை வந்த சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பும் வந்தது. 2005இல் ஜான் டாயிலும் உடன் பணியாற்றியவர்களும் இணைய ரௌட்டர்களின் பொறியியலைப் பார்த்துச் சொன்னது இது: நடுநாயகமாக நின்று ஏராளமான தகவலைக் கடத்தும் ரௌட்டருக்குக் கோடுகள் குறைவாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும். கோடுகள் அதிகம் உள்ளது ஓரத்தில், வீட்டு இணைப்புகளைத் திரட்டித் தரும் ரௌட்டர். அதை அடித்தால் அந்த ஏரியா இருட்டாகும், இணையம் சாகாது. 2019இல் அன்னா பிராய்டோ, ஆரன் கிளாசெட் இருவரும் ஏறத்தாழ ஆயிரம் வலைகளைச் சோதித்து, மாதிரியில் சொன்னபடி கச்சிதமாக அமைந்தவை மிக அரிது என்றார்கள். ஏற்றத்தாழ்வு எங்கும் இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சூத்திரப்படி இல்லை.

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரியவில்லை, தெருவில் புரிந்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இணைய இணைப்பு வாங்கியிருந்தோம். ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்ற தைரியம். ஒருநாள் வடிகால் வேலைக்கு வந்த ஜேசிபி ஒரே வாரலில் இரண்டையும் அறுத்தது. இரண்டு கேபிளும் ஒரே குழியில் பக்கத்துப் பக்கத்தில் போயிருக்கின்றன. எங்கள் வரைபடத்தில் இரண்டு கோடு, மண்ணுக்கடியில் ஒன்று.

பெரிய அளவில் இதே கதை 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே நடந்தது. சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4, அதோடு ஃபிளாக் என்ற இன்னொரு கடலடிக் கேபிள், இரண்டும் அறுந்தன. மத்திய கிழக்கிலும் இந்தியாவிலும் இணையம் நத்தையானது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் சேர்க்கும் கேபிள்களில் பெரும்பாலானவை எகிப்தின் குறுகலான வாசல் வழியாகத்தான் போகின்றன. எந்த வரைபடத்திலும் எகிப்து ஒரு ரௌட்டர் அல்ல, ஆனாலும் அது ஒரு பெரும்புள்ளி.

புள்ளிகளை எண்ணுவதில் தப்பிவிடும் இன்னொரு விஷயம் சுமை. கோலத்தில் ஒரு கோடு அழிந்தால் பக்கத்துக் கோட்டுக்கு ஒன்றும் ஆகாது. மின்கட்டமைப்பில் ஆகும். ஐந்து பேர் சப்பரம் தூக்குகிறார்கள், ஒருவர் தோளை விலக்கிக்கொள்கிறார். அவர் பங்கு மறையாது, மற்ற நால்வரின் தோளில் ஏறும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவர் இப்போது உட்கார்ந்துவிடுவார். மிச்சம் மூவர். அதன் பிறகு எண்ணிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

2012 ஜூலை 30, அதிகாலை 2 மணி 33 நிமிடம். மத்தியப் பிரதேசத்தில் பீனாவிலிருந்து குவாலியர் போகும் 400 கிலோவோல்ட் தடம் துண்டித்துக்கொண்டது. மேற்கு மண்டலத்திலிருந்து வட மாநிலங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் முக்கியத் தடம் அது. வட மாநிலங்கள் தங்கள் அளவுக்கு மேல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன, வேறு பல தடங்கள் ஏற்கெனவே நிறுத்தத்தில் இருந்தன, அதனால் மிச்சமிருந்த இதன் மேல் சுமை ஏறிக் கிடந்தது. கம்பி அறுந்ததா என்றால் இல்லை. மரம் விழுந்ததா, இல்லை. அதிகச் சுமையைப் பாதுகாப்புக் கருவி பழுது என்று எண்ணித் தடத்தைத் திறந்துவிட்டது. உடனே அந்த மின்சாரம் கிழக்கு மண்டலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கே பாய முயன்றது, அந்தத் தடங்களும் தாங்காமல் விட்டன. வடக்கு மண்டலம் முழுக்க இருட்டானது. சுமார் 36,000 மெகாவாட் போயிற்று. பாடுபட்டு மீட்டார்கள். மறுநாள் பகல் ஒரு மணிவாக்கில் அதே தடத்தில் தொடங்கி மறுபடி. இந்தத் தடவை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 48,000 மெகாவாட். ரயில்கள் நடுவழியில் நின்றன, டெல்லி மெட்ரோ நின்றது. பாதிக்கப்பட்ட பகுதியில் வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல்.

தமிழ்நாடு விழவில்லை. (அந்த ஆண்டு நமக்கென்று தனியாகத் தினமும் பல மணி நேர மின்வெட்டு இருந்தது வேறு கதை.) காரணம் நம் கம்பிகளின் வலிமை அல்ல. மற்ற நான்கு மண்டலங்களும் மாறுமின்னோட்டத்தில் (ஏசி) ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தன: எல்லா ஜெனரேட்டரும் விநாடிக்கு ஐம்பது அலைவு என்ற ஒரே தாளத்தில். ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுப்பது மாதிரி, ஒரு பக்கம் தடுமாறினால் எல்லோரும் தடுமாற வேண்டும். தெற்கு அந்த வடத்தில் கையே வைக்கவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை வரும் தடம் போன்ற நேர்மின்னோட்ட (டிசி) இணைப்புகள் வழியாக மட்டும் மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தது. அது கடைக் கவுண்டர் மாதிரி. அளந்து கொடுப்பார்கள், வாங்கலாம். கடைக்குள் நடக்கும் சண்டை கவுண்டரைத் தாண்டி வராது. கிழக்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றபோது தெற்கு கொஞ்சம் சுமையை வெட்டிவிட்டு நிமிர்ந்து நின்றது.

இதில் யாரும் எதையும் குறிவைக்கவில்லை. விழுந்தது பெரும்புள்ளியும் இல்லை, நூற்றுக்கணக்கான தடங்களில் ஒன்று. எல்லாம் விளிம்பில் நிற்கும்போது எந்தப் புள்ளியும் பெரும்புள்ளிதான்.

ஒரு வலை இன்னொரு வலையைச் சார்ந்திருந்தால் சிக்கல் கூடும். புயலில் மின்சாரம் போகிறது, சில மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்கிறது, போன் இல்லாததால் மின்சாரத்தைச் சரிசெய்யும் ஆட்களை ஒருங்கிணைக்க முடியவில்லை. சென்னையில் 2016 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹாவ்லினும் பாஸ்டனைச் சேர்ந்த யூஜின் ஸ்டான்லியும் இருந்த ஒரு குழு 2010இல் இதைக் கணக்கில் கொண்டுவந்தது. 2003 செப்டம்பர் 28 அதிகாலை, சுவிட்சர்லாந்தில் ஒரு மின்தடம் மரத்தில் உரசியதில் தொடங்கி ஏறத்தாழ இத்தாலி முழுவதும் இருண்டது. அந்த நாட்டின் மின்வலையையும் இணைய வலையையும் எடுத்து, ஒன்றின் புள்ளி விழுந்தால் மற்றதில் அதை நம்பியிருக்கும் புள்ளியும் விழும் என்று மாதிரி செய்தார்கள். கிடைத்த முடிவு நாம் இதுவரை பார்த்ததற்கு நேர்த் தலைகீழ். தனியாக நிற்கும் வலையைத் தற்செயலான பழுதிலிருந்து காப்பாற்றிய அதே ஏற்றத்தாழ்வு, இரண்டு வலைகள் பின்னிக்கொண்டால் தற்செயலான பழுதுக்கே அவற்றை எளிதில் பலிகொடுக்கிறது. இந்த வலையின் பெரும்புள்ளி அந்த வலையின் ஒரு நோஞ்சான் புள்ளியை நம்பி நிற்கக்கூடும் அல்லவா, நோஞ்சான்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

பொறியாளர்கள் சும்மா இருப்பதில்லை. மின்கட்டமைப்பில் ‘எந்த ஒன்று போனாலும் மிச்சம் தாங்க வேண்டும்’ என்பது அடிப்படை விதி. 2012இல் அந்த விதிக்கு வேண்டிய இடைவெளி ஏற்கெனவே தின்று தீர்க்கப்பட்டிருந்தது. அடுத்தது, விழத் தொடங்கினால் கட்டமைப்பு தன்னைத் தானே சிறு தீவுகளாக வெட்டிக்கொள்ளும் ஏற்பாடு, பல்லி வாலைக் கழற்றுவது போல. எங்கே வெட்டுவது என்பதை விபத்து தீர்மானிப்பதைவிட முன்கூட்டியே நாம் தீர்மானிப்பது மேல்.

அப்படியென்றால் தெற்கு தனித் தீவாகவே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். தனித்திருப்பதற்கும் விலை உண்டு. வெளியே மலிவாக மின்சாரம் கிடைக்கும் நாளில் உள்ளே பற்றாக்குறை என்றாலும், நேர்மின்னோட்டக் கவுண்டர் அனுமதிக்கும் அளவுக்கு மேல் கொண்டுவர முடியாது. ஆடிக் காற்றில் நம் காற்றாலைகள் மிகுதியாக உற்பத்தி செய்யும்போது வெளியே அனுப்பவும் அதே நெருக்கடி. 2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து தெற்கும் அந்த வடத்தைப் பிடித்திருக்கிறது. கன்னியாகுமரியில் சுற்றும் மின்விசிறிக்கும் காஷ்மீரில் எரியும் விளக்குக்கும் இப்போது ஒரே ஐம்பதின் தாளம்.